ஜெர்மனியில் சைக்கிளை ரிப்பேருக்கு விடும் முன் படியுங்கள்: 286 யூரோ போன கதை

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. 286 யூரோ. நான் பழையதாக வாங்கிய சைக்கிளின் விலையே 180 யூரோதான்.

ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்கள், மொழி இன்னும் பிடிபடாதவர்கள் கவனியுங்கள். கடைசியில் ஐந்து யோசனைகள் சொல்கிறேன்.

சைக்கிளில் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. ஏற்றத்தில் இடது பெடலை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வாசலில் பழைய சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி விற்கும் சின்ன ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'இன்ஸ்பெக்ட்சியோன் அப் 59 யூரோ' என்று ஒட்டியிருந்தார்கள். சர்வீஸ் 59 யூரோ என்று நான் படித்தேன். நடுவில் இருந்த அந்த 'அப்' கண்ணிலேயே படவில்லை. 'அப்' என்றால் 'இதிலிருந்து ஆரம்பம்' என்று அர்த்தமாம்.

எனக்கு ஜெர்மன் இருபது வார்த்தை தெரியும். அதனால் நடித்துக் காட்டினேன். பெடலைத் தொட்டு, வாயால் 'டக், டக்' என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரும் 'க்னாக், க்னாக்' என்று திருப்பிச் செய்து காட்டினார். மழையில் நனைந்திருந்த சீட்டைத் தன் துணியாலேயே துடைத்துவிட்டு, "நோ ப்ராப்ளம், மை ஃப்ரெண்ட், குட் பிரைஸ்" என்றார். இந்த ஆங்கிலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மொழி இல்லாவிட்டால் என்ன, சைக்கிள் தெரிந்த மனிதருக்குச் சத்தம் போதுமே என்று மனம் குளிர்ந்துபோயிற்று. சைக்கிளை மேலிருந்து கீழ்வரை கையால் காட்டி "அல்லெஸ்?" என்று கேட்டார். எல்லாம் சரிதானே என்று கேட்கிறார் என நினைத்து "யா, யா" என்றேன். எல்லாவற்றையும் செய்துவிடவா என்பதுதான் கேள்வி. ஒரு சீட்டை நீட்டினார். சைக்கிளைத் திரும்ப வாங்குவதற்கான ரசீதாக்கும் என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்துப் போனால் பில் 286 யூரோ. பெரிய சர்வீஸ் 99, செயின் 32, பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு 45, முன்னும் பின்னும் பிரேக் கட்டை 30, பெடல் அச்சின் பேரிங் 38, அதற்குமேல் வேலைக்கூலி 42. நான் கேட்டது ஒரு 'டக்'. அதிர்ச்சியில் வாய் வரவில்லை. அவர் சீட்டை எடுத்து என் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். அதற்கு மேலே 'நாஹ் பெடார்ஃப்' என்று பேனாவால் எழுதியிருந்தது. தேய்மான உதிரிகளைத் தேவைக்கேற்ப மாற்றலாம் என்பதற்கு நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்! பழைய செயினைக் காட்டுங்கள் என்று போனில் மொழிபெயர்த்து நீட்டினேன். குப்பைத்தொட்டியைக் காட்டினார், அது காலியாக இருந்தது. கார்டு வாங்கமாட்டாராம், 'நூர் பார்', ரொக்கம் மட்டும். பணம் தரும்வரை சைக்கிளைப் பிடித்துவைக்க ரிப்பேர் கடைக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாமலே பயந்து, ஏடிஎம் வரை நடந்து, எடுத்துவந்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் முதல் ஏற்றத்திலேயே 'டக்'.

அப்படியே திரும்பிப் போனேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, பெடலைக் கையால் சுற்றிக் காட்டி, சத்தமே இல்லையே என்று காதைத் தொட்டுக் காட்டினார். கால் எடை விழும்போது மட்டும் வருகிற சத்தம் கையால் சுற்றினால் எப்படி வரும்? "பாஸ்ட்" என்று சொல்லி இறக்கிவைத்தார். அதாவது, சரியாக இருக்கிறது, கிளம்பு. மறுநாள் போனால், முதலாளியிடம் பேசு, அவர் லீவு, திங்கட்கிழமை வா என்றார்கள். திங்கட்கிழமை போனில் கூப்பிட்டேன். "கைன் எங்லிஷ்" என்று ஒரே வார்த்தை, லைன் கட். குரல் அதே குரல். மை ஃப்ரெண்ட் என்று சொன்ன வாய்க்கு ஆங்கிலம் எங்கே போனது? மொழி தெரியாத எத்தனையோ பேர் எனக்கு இங்கே உதவியிருக்கிறார்கள், அதனால் மொழியைக் குறை சொல்லமாட்டேன். பணம் வாங்கும்வரை இருந்த ஆங்கிலம், வாங்கியபின் காணாமல் போயிற்றே, அதைத்தான் சொல்கிறேன்.

நேற்று ஒருவர் சொல்லி, மாணவர்கள் நடத்தும் சுயசேவை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கருவிகள் அங்கே இருக்கும், நாமே வேலை செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். ஒரு பெண் சைக்கிளில் ஏறி அந்தத் தெருவைச் சுற்றி வந்தாள். இடது பெடலை 15 எண் ஸ்பேனரால் என்னையே கழற்றச் சொன்னாள். இடது பெடலின் மரை தலைகீழ் மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மரை காய்ந்து, லூசாகக் கிடந்தது. துடைத்து, கிரீஸ் தடவி, இறுக்கினோம். பத்து நிமிடம். சத்தம் போயே போச்சு. நன்கொடை உண்டியலில் 5 யூரோ போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட இந்தப் பதிவு வந்திருக்காது. பில்லைக் காட்டினேன். செயினும் பல்சக்கரமும் புதுசுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். முன்பக்கப் பிரேக் கட்டையும் புதுசு. பின்பக்கக் கட்டையில் கோடு அழியும் அளவுக்குத் தேய்மானம், அது பழசு. 38 யூரோவுக்கு மாற்றியதாக எழுதிய பேரிங்கின் விளிம்பில் வருடக்கணக்கான சேறு கெட்டியாக அப்பியிருக்கிறது. அதைக் கழற்றியிருந்தால் அந்தச் சேறு அங்கே நிற்காது என்றாள். அப்போதுதான் இது மொழிக் குழப்பம் மட்டும் இல்லை என்று உறைத்தது.

யோசனைகள். 'அப்' என்று போட்ட விலையை நம்பாதீர்கள். 'கோஸ்டன்ஃபோர்அன்ஷ்லாக்' என்று கேளுங்கள், எழுத்தில் மதிப்பீடு தருவார்கள். செலவு அதைப் பெருமளவு தாண்டும் என்று தெரிந்தால் உடனே உங்களுக்குச் சொல்வது கடைக்காரரின் கடமை. சீட்டைப் போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய உதிரிகளை எடுத்துவைக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுத வையுங்கள். ஐந்து என்றேன், இவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

போட்டோக்களோடு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். விட்ட வேலையைச் செய்துகொடு, இல்லை அந்தப் பணத்தைத் திருப்பிக்கொடு, 14 நாள் கெடு. நாளைக் காலை பதிவுத் தபாலில் போகும். அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆலோசனை மையம், அவர்கள் ஊரில் சொல்லும் 'ஃபெர்பிரௌஹர்சென்ட்ராலே'. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு. 286 யூரோவோடு அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.