தரச்சான்று பெற்ற மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு: ஒரு மதிப்பீடு

என் மாமனாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடைபெறும் மருத்துவமனை, ஜேசிஐ என்ற சர்வதேச அமைப்பின் தரச்சான்று பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்த்த பிறகே புதுப்பிக்கப்படும் அச்சான்று மருத்துவமனை முழுமைக்கும் உரியது என்பதால், டயாலிசிஸ் பிரிவின் தரத்தை அங்கேயே கவனித்துத்தான் மதிப்பிட வேண்டியிருந்தது.

அங்கு முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் (பெரும்பகுதி இந்தத் தண்ணீரே), மெல்லிய சவ்வு ஒன்றே இடையில் இருக்க, நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரமின் அதில் தங்கிவிட்டால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். குளோரமினையும் சேர்த்த மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அதனால்தான். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் டெக்னீஷியன், குளோரமினை அகற்றும் முதல் கார்பன் தொட்டிக்கு அடுத்துள்ள குழாயில் நீர் பிடித்துச் சோதித்து, அளவையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிடுகிறார். பதிவேட்டைக் கேட்டபோது தயங்காமல் காட்டினார்கள். ஒருநாள் அளவு கூடியிருந்ததும், இரண்டாவது தொட்டியைத் தாண்டி எடுத்த நீர் சரியென்று உறுதியான பிறகே சிகிச்சை தொடங்கியதும் அதில் பதிவாகியிருந்தன. எல்லா நாளும் ஒரே எண் எழுதப்பட்ட ஏட்டைக் காட்டியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அடையாளச் சரிபார்ப்பிலும் குறையில்லை. பார்த்துப் பழகிய செவிலியரும் பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்கிறார். (மாமனாருக்கு இதில் சற்று எரிச்சல்தான்.)

ஷிப்ட் மாறும் நேரம்தான் இப்பிரிவின் பலவீனம். முந்தைய நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவரைத் தொட்ட கையுறையுடனே அடுத்தவரின் இயந்திரத் திரையை அழுத்துவதையும் பார்த்தேன். கழுத்தில் கேத்தீட்டர் (இரத்தக்குழாய்க்குள் செருகிய குழாய்) வைத்திருப்பவர்களுக்கு இந்த அவசரம் இரத்தத்தில் நோய்த்தொற்றாக முடியக்கூடும். அத்தகைய தொற்று விகிதம் இங்கே எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்டதற்கு, அது உள் ஆவணம் என்று பதில் வந்தது. தண்ணீர்ப் பதிவேட்டைத் திறந்து காட்டுபவர்கள் இதை மட்டும் மூடி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகிச்சையின் தரத்துக்காக இப்பிரிவைப் பரிந்துரைப்பேன். ஆனால் புதிதாகச் சேருபவர்கள் நாளின் முதல் ஷிப்டைக் கேட்டுப் பெறுவது நல்லது. இயந்திரங்களும் நாற்காலிகளும் அவசரமின்றித் தயாராவது அப்போதுதான்.