நர்சரியில் வாங்கிய மகிழங்கன்று, இரண்டு வருஷம் கழித்து

2023 ஜூன் மாதம் மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் நாலடி உயர மகிழங்கன்று வாங்கினேன். விலை 350 ரூபாய், திருவொற்றியூருக்குக் குட்டியானையில் ஏற்றி வர தனியாக 300. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். இப்போது மூன்றரைதான்.

நான் கேட்டுப் போனது குல்மோகர். எங்கள் வாசலில் பெரிய மரம் ஒன்று இருந்தது, மே மாதம் வந்தால் கீழே நிற்கும் வண்டியெல்லாம் சிவப்பு இதழாகக் கிடக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று வேரோடு சாய்ந்தது. அதற்கப்புறம் வாசலில் மதியம் கால் வைக்க முடியாத வெயில்.

நர்சரி அண்ணன் கன்றைக் காட்டவே இல்லை, முதலில் கேள்விதான். "தம்பி, கடல் எவ்ளோ தூரம்? போர் தண்ணி உப்பா? மேல ஈபி கம்பி போகுதா?" எல்லாம் கேட்டுவிட்டு, குல்மோகர் சீக்கிரம் வளரும், பூக்கும், ஆனால் கிளை லேசில் முறியும், வேரும் மேலாகவே ஓடும், உங்கள் காற்றுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூவரசு அல்லது மகிழம், இரண்டில் ஒன்று என்றார். விற்றால் போதும் என்று நினைக்கிறவர் இப்படிப் பேசமாட்டார், அதற்காகவே இந்தக் கடையை எனக்குப் பிடிக்கும். நான் மகிழத்தை எடுத்ததற்கு ஊரும் ஒரு காரணம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் தலமரமே மகிழம், சுந்தரர் சங்கிலியாருக்கு 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சத்தியம் செய்து கொடுத்ததும் அந்த மகிழடியில்தான். அம்மாவுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. காய்ந்த மகிழம்பூவைப் பீரோவில் புடவை மடிப்புக்குள் வைப்பார், பூ பழுப்பாகிப் போனாலும் வாசனை போகாது.

சரி, குறைக்கு வருகிறேன். மூன்று மாதம் ஆகியும் ஒரு துளிர் இல்லை, உச்சி இலைகள் ஓரத்தில் கருக ஆரம்பித்தன. கடைக்குப் போன் செய்தால் எடுத்த பையன் "தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க" என்று வைத்துவிட்டான். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோண்டி எடுத்தேன். வேர் முழுக்க பையின் வடிவத்திலேயே, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி சுற்றிச் சுற்றி இருந்தது, ஆணிவேர் அடியில் கொக்கி போல மடங்கியிருந்தது. சின்னப் பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றைப் பெரிய பைக்கு மாற்றி விற்றிருக்கிறார்கள். அப்படியே விட்டால் மரம் பெரிதான பிறகுகூட அந்தச் சுற்று வேரே அதன் கழுத்தை நெரிக்கும், பிடிப்பில்லாமல் காற்றுக்குச் சாயும். நடும்போதே பையைக் கிழித்து வேரைப் பிரித்துவிட்டிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சுற்றியிருந்த வேர்களைக் கூரான கத்தியால் நறுக்கி, மீதியை விரல்களால் விரித்து, இரண்டடிக்கு இரண்டடி குழியில் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, தரையைவிடக் கொஞ்சம் மேடாக மறுபடி நட்டேன். இலை கருகியதற்கு போர் தண்ணியும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைத்து, மெட்ரோ வாட்டருக்கு மாறினேன், வாரம் இரண்டு குடம், அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். மூங்கில் கழியில் இறுக்கிக் கட்டாமல் பழைய வேட்டித் துணியால் தளர்வாகக் கட்டினேன், தண்டு கொஞ்சம் ஆடினால்தான் தடிக்கும். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு வாசலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, அந்த மேடு மட்டும் வெளியே தெரிந்தது.

பிழைத்துக்கொண்டது. இப்போது ஏழடி, ஓரம் நெளிந்த பளபளப்பான இலை. பூ இன்னும் இல்லை, நிழலும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான். மகிழம் மெதுவாகத்தான் வரும், இரண்டு வருஷத்தில் நிழல் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

தாராளமாகப் போங்கள், அந்த அண்ணன் இருக்கும் நேரமாகப் பார்த்து. கன்று உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பையின் அடியில் வேர் வெளியே வந்து தடித்திருந்தால் அதை விட்டுவிட்டு இரண்டடிக் கன்றாக எடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா பூவரசு கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன், இந்தத் தடவை வேரைப் பார்த்த பிறகுதான் பணம்.