பாட்காஸ்ட்டுக்கு மைக் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்

குறைந்த விலையில் நல்ல மைக் எது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, எந்த அறையில் உட்கார்ந்து பேசப் போகிறீர்கள் என்பதைத்தான். டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் ஓடும் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ஹார்ன், சமையலறையில் குக்கர். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்டூடியோ இதுதான். அதனால் நான் பயன்படுத்திய மூன்று மைக்குகளைப் பற்றி இப்படி ஒரு அறையை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் போயா பிஒய்-எம்1. பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும் காலர் மைக். வயர் 6 மீட்டர் நீளம் என்பதால் கேமராவைத் தள்ளி வைத்துவிட்டுத் தாராளமாகப் பேசலாம். வயரில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு பட்டன் பேட்டரி போட வேண்டும், ஆனால் அது கேமராவுக்கு மட்டும்தான், ஃபோனில் பதிவு செய்ய பேட்டரியே வேண்டாம். கேமரா வேலை முடிந்ததும் சுவிட்சை மறுபடி ஃபோன் பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி சும்மாவே தீர்ந்துபோகும். உங்கள் ஃபோனில் ஹெட்ஃபோன் துளை இல்லையா? அப்படியானால் டைப்-சி அடாப்டர் வாங்கும்போது மைக்கும் அதில் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள், பாட்டு கேட்க மட்டும் உதவுகிற அடாப்டர்களும் இருக்கின்றன.

இந்த விலைக்கு இதன் குரல் தெளிவு நிஜமாகவே அருமை. ஆனால் இது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குகிற மைக், உங்கள் பேச்சோடு ஃபேனும் சேர்ந்தே பதிவாகும். உடையையும் கவனிக்க வேண்டும். பருத்திச் சட்டையில் மாட்டினால் தொல்லை இல்லை. மொறுமொறுப்பான பட்டுப் புடவையிலோ கழுத்துச் சங்கிலி உரசும் இடத்திலோ மாட்டினால், நீங்கள் லேசாகத் திரும்பும்போதெல்லாம் சரசரவென்று ஒரு சத்தம் வரும், எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு.

அடுத்து மாவோனோ ஏயு-ஏ04. யூஎஸ்பி கண்டென்சர் மைக் (சின்னச் சின்ன ஒலியையும் வாங்கும் வகை), மைக்கைத் தாங்கி வாய்க்கு நேரே நீட்டும் பூம் ஆர்ம், மூச்சுக்காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும், லேப்டாப்பில் செருகினால் வேலை முடிந்தது. குரலில் மூச்சு, இழைவு எல்லாம் நுணுக்கமாகக் கேட்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம், அது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறது என்ற கணக்கு. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதைப் பதிவு செய்ய அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும், ஆகவே பேச்சுக்கு 48-ல் பதிவு செய்தாலே தாராளம். அமைதியான அறை, மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி என்று எதிரொலியை உறிஞ்ச ஏதாவது இருந்தால் இது நல்ல தேர்வு. வெற்று அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துப் பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

மூன்றாவது சாம்சன் க்யூ2யூ. எனக்குப் பிடித்தது இதுதான், மூன்றில் விலை அதிகமும் இதுதான். மேடையில் பாடகர்கள் கையில் பிடிப்பார்களே, அந்த வடிவ டைனமிக் மைக். யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஸ்டூடியோ கருவிகளில் மாட்டும் மூன்று முள் இணைப்பு) இரண்டும் ஒரே மைக்கில் இருப்பதால் இன்று லேப்டாப்பில் நேரடியாகச் செருகலாம், நாளைக்கு மிக்சரோ, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸோ வாங்கினால் இதே மைக்கை அதில் மாட்டிக்கொள்ளலாம். அடியிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்கிறது, உங்கள் குரலைத் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டே பேசலாம். இது பெரிய வசதி, அரை மணி நேரம் பேசி முடித்த பிறகுதான் கரகரப்பு தெரிந்தது என்ற கொடுமை நேராது.

டைனமிக் மைக் ஃபேன் சத்தத்தை மாயமாக விரட்டிவிடும் என்று பலர் சொல்கிறார்கள், அது அப்படியில்லை. விஷயம் தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், 40 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 18 டெசிபல். ஃபேன் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, அதன் சத்தம் கூடவில்லை. உடனே கெயினைக் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் குரல் பழைய அளவிலேயே இருக்கும், ஃபேன் அமுங்கும். கண்டென்சரிலும் இதையே செய்யலாம், ஆனால் அவ்வளவு கிட்டே போனால் 'பக்கம்', 'பாட்டி', 'பேப்பர்' என்று ப-வில் தொடங்கும் வார்த்தைக்கெல்லாம் காற்று படீரென்று அடிக்கும். க்யூ2யூ கிட்டே பேசுவதற்கென்றே செய்தது. கூட வரும் பஞ்சு உறையை மாட்டி, நாலு விரல் தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் அந்த அடி பெரும்பாலும் இருக்காது. மைக்கின் பின்பக்கம் ஒலியைக் குறைவாகவே வாங்கும், ஆகவே அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. கூட வரும் குட்டி ஸ்டாண்ட் மேசையோடு நின்றுவிடும், வாய் உயரத்துக்கு எட்டாது, ஆர்முக்கு ஒரு தொகை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். டைப் செய்தால் மேசை அதிர்வும் ஸ்டாண்ட் வழியாக ஏறி வரும்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம் என்பேன். 'ஸ்டூடியோ மைக்' என்று மிகக் குறைந்த விலையில் விற்கும் எக்ஸ்எல்ஆர் கண்டென்சர்கள். அவற்றுக்கு முறையாக 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே வரும் மின்சாரம் வேண்டும், லேப்டாப்பின் மைக் துளையில் அது வராது, அப்புறம் அதற்கென்று இன்டர்ஃபேஸ் வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு, பணம் இருந்தால் க்யூ2யூ. நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர்களுக்கும் கையில் ஆயிரம்தான் இருக்கிறவர்களுக்கும் போயா. எதை வாங்கினாலும் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், ஃபேனை ஓடவிட்டு இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.