வயலில் மைக்ரோபைதான்: வேகம் போதும், நினைவகம்தான் படுத்துகிறது

பைதான் மொழியைச் சிறு மின்னணுப் பலகைகளில் ஓடவைக்கும் மைக்ரோபைதான் மெதுவானது என்பதுதான் அதைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் குறை. குறுவை, சம்பா என்று பல பருவங்கள் வயலிலேயே ஓடவிட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன்: எங்கள் வேலைக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது.

நிலம் நீடாமங்கலம் பக்கம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுகிறோம். துளையிட்ட 30 செ.மீ. பிவிசி குழாயைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. குழாயின் தலையில் மீயொலி சென்சார், பக்கத்தில் டப்பாவுக்குள் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு கணினிப் பலகையும், குறுஞ்செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூலும். நத்தையும் நண்டும் குழாய்க்குள் குடியேறுவதற்கு எந்த நிரல்மொழியிலும் மருந்து இல்லை.

சென்சாரின் ஒலி நீரில் பட்டுத் திரும்ப ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோவினாடி ஆகும். அதைப் பைதான் வரிகளாலேயே எண்ண முயன்றால் அளவு தள்ளாடும். ஒரு வரி ஓடவே சில மைக்ரோவினாடி போய்விடுகிறது. ஆனால் சென்சார் இந்த நேரத்தைக் காட்டும் மின்துடிப்பின் நீளத்தை அளப்பதற்கென்றே சி மொழியில் எழுதிய ஒரு செயல்கூறு மைக்ரோபைதானுக்குள்ளேயே இருக்கிறது. அதை அழைத்தால் வேலை முடிந்தது. பிறகு அடுத்த பத்து நிமிடமும் பலகை தூங்கத்தான் போகிறது. சி பல மடங்கு வேகம் என்பது உண்மைதான். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு நெல் வயலில் என்ன செய்வது?

நினைவகத்துக்கு வருகிறேன். பிக்கோவில் இருப்பது 264 கிலோபைட். மைக்ரோபைதான் தனக்கு எடுத்துக்கொண்டது போகவும் தாராளமாகவே மிஞ்சுகிறது. ஆனாலும் பல நாள் ஒழுங்காக ஓடிய பலகை திடீரென்று 'மெமரி எரர்' என்று படுத்துவிடும். காலி இடம் எவ்வளவு என்று கேட்டால் பல பத்து கிலோபைட் என்று கணக்குக் காட்டும். நான்கு கிலோபைட் கேட்டால் இல்லை என்று சொல்லும். மன்னார்குடி பஸ்ஸில் பத்து இருக்கை காலியாக இருந்தும் நான்கு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார இடமில்லாத கதைதான். மைக்ரோபைதான் நினைவகத்தை 16 பைட் கட்டங்களாகப் பங்கிடுகிறது. பயன்பட்டு முடிந்த கட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஆனால் உயிரோடு இருப்பவற்றை நகர்த்தி ஒருபுறமாக ஒதுக்காது. ஜிஎஸ்எம் மாட்யூலின் பதில் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் சரத்தோடு, அதாவது எழுத்துத் தொடரோடு, ஒட்டும்போது ஒரு புதிய சரம் பிறக்கிறது, பழையது குப்பையாகிறது. நாளடைவில் இடம் சல்லடையாகிவிடும்.

இதற்குத் தீர்வு நிரல் தொடங்கும்போதே ஒரு பைட்அரேயை, அதாவது பைட்டுகளுக்கான ஒரே தொடர் இடத்தை, ஒதுக்கி, வருவதையெல்லாம் அதற்குள்ளேயே வாசித்துக்கொள்வது. தசம எண்ணையும் விட்டுவிட்டேன். பிக்கோவில் ஒவ்வொரு தசம எண்ணும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறிய முழு எண்ணுக்கு அந்தச் செலவே இல்லை. நீர்மட்டத்தை மில்லிமீட்டரில் முழு எண்ணாக வைத்தால் போயிற்று. நிரல் நீளமானால் மடிக்கணினியிலேயே முன்கூட்டி மொழிமாற்றிய எம்பிஒய் கோப்பாக மாற்றி ஏற்றுவது நல்லது. மூலநிரலைப் பலகையே மொழிமாற்றும்போது விழுங்கும் இடம் கொஞ்சநஞ்சமல்ல.

மேசையில் தெரியாமல் வயலில் மட்டும் தெரியும் இன்னொன்று, கடிகாரம். மைக்ரோபைதானில் மில்லிவினாடிகளை எண்ணும் கணக்கு, பெரும்பாலான பலகைகளில், 2-இன் 30-ஆம் அடுக்கை எட்டியதும் சுழியத்துக்குத் திரும்பும். அதாவது சுமார் பன்னிரண்டரை நாள். ஆர்டுயினோ பலகைகளில் 49.7 நாள். குறுவையே நூறு நாளுக்கு மேல் நிற்கும் பயிர். நேர வேறுபாட்டைச் சாதாரணக் கழித்தலால் பார்க்காமல், அதற்கென்று மைக்ரோபைதான் தரும் கழித்தல் செயல்கூற்றையே பயன்படுத்த வேண்டும்.

மோட்டார் கொட்டகையில் ஆர்டுயினோ ஊனோ இருக்கிறது. மும்முனை மின்சாரம் எந்நேரத்துக்கு வரும் என்று காத்துக் கிடக்காமல், வந்ததும் சித்தப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அதில் மொத்தமே 2 கிலோபைட் நினைவகம். மைக்ரோபைதான் கிட்டவே நெருங்க முடியாது, சி-தான். சித்தப்பா தமிழில்தான் செய்தி வேண்டும் என்றார். "மும்முனை மின்சாரம் வந்தது": நமக்கு இது பதின்மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் இடைவெளி சேர்த்து 25 குறியீடு. மாட்யூலுக்குப் பதினாறடிமான எண்களாக, குறியீட்டுக்கு நான்கு இலக்கம் வீதம், கொடுக்கும்போது சரியாக 100 எழுத்து. இப்படிப் பத்துச் செய்தி வைத்தால் ஊனோவின் நினைவகத்தில் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். சி-யில் மேற்கோளுக்குள் எழுதும் சரங்கள் ஒரு வேலையும் செய்யாமலே அந்த 2 கிலோபைட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'ப்ரோக்மெம்' போட்டு அவற்றை நிரல் தங்கும் 32 கிலோபைட் ஃபிளாஷிலேயே நிறுத்திவைத்து, அனுப்பும்போது ஒவ்வொரு எழுத்தாக எடுக்கிறேன். ஆர்டுயினோவின் 'ஸ்ட்ரிங்' என்ற சர வகையை அந்தப் பலகையில் தொடுவதே இல்லை. அதுவும் பிக்கோவில் சொன்ன சல்லடைக் கதைதான், இங்கே இன்னும் சீக்கிரம் வரும். இந்தக் கட்டுப்பாடு எரிச்சலூட்டும், ஆனால் அந்த ஊனோதான் எனக்கு மிகக் குறைவாகத் தொல்லை கொடுத்த பலகை.

நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தின் மேல் பழி போடவும் கூடாது. சிம்800எல் என்ற ஜிஎஸ்எம் மாட்யூல் செல்போன் கோபுரத்தோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மின்வழங்கி சோனியாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகிவிடும். பிக்கோவில் நினைவகக் கோளாறு என்றால் பிழைச்செய்தி வரும். இதற்கு எந்தச் சுவடும் இருக்காது. வித்தியாசம் கண்டுபிடிக்க அதுவே போதும்.

2024-இல் வந்த பிக்கோ 2-இல் 520 கிலோபைட் இருக்கிறது, தசம எண்ணைக் கணக்கிடத் தனி வன்பொருளும் உண்டு. கேமரா வைத்து இலைச்சுருட்டுப் புழுவைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும். குழாய்க்குள் நீர் பார்ப்பதற்குப் பழைய பிக்கோவே போதும். மிஞ்சும் காசில் ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு நல்ல மின்வழங்கியும் பெரிய மின்தேக்கியும் வாங்கிக்கொள்ளலாம்.