பந்தயம் விட்டு வந்த குதிரைக்கு எந்த பிட் இதமானது?

பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத் மைதானங்களில் ஓடி முடித்த தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரைகள் பல, நான்கைந்து வயதிலேயே சவாரிக்கு வந்து சேர்கின்றன. வாங்கியவர் சொல்லும் முதல் புகார், "நிக்க மாட்டேங்குது, இழுத்துக்கிட்டு ஓடுது." உடனே யாராவது ஒருவர் இன்னும் கடுமையான பிட், அதாவது குதிரையின் வாய்க்குள் வைக்கும் கடிவாள இரும்பு, போடச் சொல்வார். அந்த யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். பந்தய லாயத்தில் அந்தக் குதிரை பழகியது வேறு பாடம். சவாரிக்காரர் கையிலுள்ள வார் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓட வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். நீங்கள் இழுக்க இழுக்க அது வேகமெடுப்பது முரட்டுத்தனமல்ல, கற்றதைச் செய்கிறது. வாயில் வலியும் சேர்ந்தால் இன்னும் ஓடும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வாயைப் பாருங்கள். ஆண் குதிரைக்குப் பொதுவாக 40 பல், பெண் குதிரைக்கு 36. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. பிட் உட்காருவது அங்கேதான். அங்கே மெல்லிய ஈறு, அதற்கடியில் உடனே எலும்பு விளிம்பு. உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள், ஏறக்குறைய அப்படிப்பட்ட இடம். நாக்கு வாயை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து ஒரு விரலை நுழையுங்கள். நாக்கும் அண்ணமும் உடனே விரலை நெருக்கினால் உள்ளே இடம் குறைவு, 18 மி.மீ. தடிமன் பிட் அந்த வாய்க்கு ஆகாது. தடித்தது என்றாலே மென்மை என்ற நம்பிக்கை தரோபிரெட்டிடம் அடிக்கடி பொய்க்கிறது. 14 முதல் 16 மி.மீ. போதும். அதைவிட மெல்லியது வெட்டத் தொடங்கும். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் வுல்ஃப் டூத் என்ற குட்டிப் பல் இருந்தால், அதில் பிட் இடித்துக் குதிரை தலையை உதறும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

அகலத்துக்கு, வாயின் குறுக்கே ஒரு கயிற்றை வைத்து இரு கடைவாயிலும் குறி போட்டு அளக்கவும். வளையம் அசையும் லூஸ் ரிங் என்றால் அளவோடு 1 செ.மீ. கூட்டுங்கள், வளையம் அசையாமல் பொருத்திய எக்பட் என்றால் அரை செ.மீ. தரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் 12.5 செ.மீ. அல்லது 13.5 செ.மீ. பொருந்தும்.

இனி ஒப்பீடு. எல்லா லாயத்திலும் தொங்குவது நடுவில் ஒரே மூட்டுள்ள ஸ்னாஃபிள் (நெம்புகோல் கை இல்லாத எளிய பிட்). இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் அது மடங்கி, பாக்குவெட்டி போல நாக்கையும் கீழ்த்தாடையையும் இருபுறமும் நெருக்கும். அகலம் கூடிவிட்டால் மடங்கிய மூட்டு அண்ணத்தில் குத்தும். குதிரை வாயைத் திறந்து தப்பிக்கப் பார்க்கும். அதைத் திமிர் என்று நினைத்து மூக்கு வாரை இறுக்குகிறார்கள். வலிக்குக் காரணமான இரும்பு உள்ளேயே இருக்க, வாயை மட்டும் கட்டிவிடும் கொடுமை அது. சரியான அளவும் அமைதியான கையும் இருந்தால் இந்த பிட்டோடு நிம்மதியாக இருக்கும் குதிரைகளும் உண்டு என்பதால், இதை மோசம் என்று ஒதுக்க மாட்டோம்.

இரு மூட்டுள்ளதில் நடுவே ஒரு சிறு துண்டு இருக்கும். அது நாக்கின் மேல் படிந்து அழுத்தத்தைப் பரப்பும், மடிப்பும் குறையும். ஆனால் நடுத்துண்டை உற்றுப் பாருங்கள். ஃபிரெஞ்சு லிங்கில் தட்டை நாக்கின் மேல் படுத்திருக்கும். டாக்டர் பிரிஸ்டல் பார்ப்பதற்கு அதே போலிருக்கும். அதன் தட்டை சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் விளிம்பு நாக்கில் பதியும். பெயர் தெரியாமல் வாங்கி, மென்மையானது என்று நம்பிப் போடுகிறவர்கள் நிறைய. அவரைக்கொட்டை போல உருண்ட துண்டுள்ளதை வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

மூட்டே இல்லாமல் லேசாக வளைந்த முல்லன் வாயில் அசையாது, அண்ணத்தைத் தொடாது. நாக்கின் மேல் எதுவும் உருளுவதைத் தாங்காத குதிரைக்கு நல்லது. ஆனால் இடமா வலமா என்பது தெளிவாகப் போய்ச் சேராது. சாய்ந்து பழகிய பந்தயக் குதிரைக்குச் சாய இன்னொரு தண்டவாளம் கிடைத்தது போலாகும்.

வளையத்திலும் வேறுபாடு உண்டு. லூஸ் ரிங் உயிரோட்டமாக அசைவதால் அதில் சாய்வது கடினம். ஆனால் துளை தேய்ந்ததும் உதட்டைக் கவ்வும். ஒரு மெல்லிய துணியைத் துளையருகே வைத்து வளையத்தைச் சுழற்றுங்கள். துணி சிக்கினால் உதடும் சிக்கும். எக்பட் கவ்வாது, வாயில் நிலையாக நிற்கும். D எழுத்து வடிவ வளையமான டி ரிங் கன்னத்தைப் பக்கவாட்டில் தொட்டுத் திருப்பத்தைச் சொல்லிக்கொடுக்கும், பந்தய நாளிலிருந்தே குதிரைக்குப் பழக்கமும்கூட. எங்கள் தேர்வு: உருண்ட துண்டுள்ள இருமூட்டு, எக்பட் அல்லது டி ரிங், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது செம்புக் கலவை. நிக்கல் பூச்சு உரிந்தால் விளிம்பு கத்தி, வேண்டாம். ரப்பரைக் குதிரை மென்று பிய்த்துவிடும்.

பிட்டின் இருபுறமும் நெம்புகோல் போன்ற கைகளும், தாடைக்கடியில் ஒரு சங்கிலியும், மேலும் கீழுமாக இரண்டு ஜோடி வார்களும் உள்ளது பெலம். "பெலம் போட்டால் நிற்கிறதே" என்பார்கள். நிற்கும், கணக்கைப் பாருங்கள். மேல் கை 5 செ.மீ., கீழ்க் கை 10 செ.மீ. என்றால், கீழ் வாரில் 2 கிலோ இழுத்தால் தாடைச் சங்கிலியில் 4 கிலோ விழும், வாயில் 6 கிலோ. கை நடுங்கும் புதியவரிடம் அதைக் கொடுப்பது பெரும் ஆபத்து. இரண்டு வார்களையும் பிரித்துப் பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அது கருவி.

பிட்டே இல்லாமல் மூக்குப் பட்டையால் ஆளும் சைட்புல் கடிவாளம், வாய்ப்புண் ஆறும் காலத்துக்கு மிகச் சிறந்தது. மூக்கின் இருபுறமும் வார், திருப்பம் தெளிவு. நிறுத்தத்தை மட்டும் தரையிலிருந்து முதலில் கற்பிக்க வேண்டும். தாடைக்கடியில் பட்டைகள் குறுக்காகப் போகும் பிட்டில்லாக் கடிவாள வகையில் கை தளர்ந்த பிறகும் பட்டை உடனே தளராது, அதனால் சொன்னபடி கேட்ட குதிரைக்குப் பரிசான தளர்வு தாமதமாகக் கிடைக்கிறது. நீண்ட இரும்புக் கைகளுள்ள மெக்கானிக்கல் ஹாக்கமோர் வாயைத் தொடாமலே மூக்கெலும்பை நசுக்கும். மூக்குப் பட்டை எதுவானாலும் நாசித் துளைக்கு நான்கு விரல் மேலே இருக்கட்டும்; கீழே இறங்கினால் குருத்தெலும்பை அழுத்தி மூச்சைத் தடுக்கும்.

முள் கடிவாளத்தை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கு முள் வைத்த பிட் கூடாது என்று இந்தியாவின் 1965ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. சவாரிக் குதிரையின் நாக்கும் அதே நாக்குதான்.

மாட்டும்போது கடைவாயில் ஒரு லேசான சுருக்கம் விழுந்தால் போதும். கோரைப் பல்லில் தட்டினால் ஒரு துளை மேலே ஏற்றுங்கள். மூக்கெலும்பின் மேல் பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஊட்டிக் குளிரில் இரும்பை உள்ளங்கையில் சூடேற்றிக் கொடுங்கள். வெயிலில் கிடந்ததைத் தண்ணீரில் நனைத்தபின் போடுங்கள். ஒரே நாளில் மூன்று பிட் மாற்றிப் பார்த்தால் எதுவும் புலப்படாது. ஒன்றைத் தேர்ந்து மூன்று வாரம் நடையிலும் மெதுவான ஓட்டத்திலும் பழக்குங்கள். நிறுத்தக் கேட்கும்போது தொடர்ந்து இழுக்காமல், ஒரு நொடி பிடித்து, வேகம் குறைந்த கணமே விடுங்கள். சாய்வதற்கு எதிரே ஒன்றும் இல்லாதபோதுதான் பழைய பாடம் மறக்கும்.

சேணம் இறக்கியதும் உதட்டைத் தூக்கிக் கடைவாயையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள். நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தாலோ தோல் உரிந்திருந்தாலோ, அது ஆறும்வரை சைட்புல் மட்டும்.