சொட்டும் குழாய்: வாஷர் போதுமா, புதுக் குழாய் வேண்டுமா?

இறுக்கி மூடிய பிறகும் குழாய் சொட்டினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றி, பழைய வாஷரைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்கிப் போட்டால் போதும். சில ரூபாய்தான் செலவு. நல்ல பித்தளைக் குழாய் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வாஷர் உட்காரும் விளிம்பே அரித்துப்போயிருந்தால் புது வாஷரும் நிற்காது. சரி, குழாயையே மாற்றிவிடலாம். அதில் ஒரு ஆபத்து உண்டு: பழையதை வேகமாகத் திருகினால் சுவருக்குள் இருக்கும் எல்போ (பைப்பை வளைத்து இணைக்கும் துண்டு) உடைந்துவிடும். பிளாஸ்டிக் பைப் என்றால் ரொம்பவே நிதானம் வேண்டும். புதுக் குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பை, முடுக்கும்போது பிரியாதபடி வலஞ்சுழியாகச் சுற்றுங்கள்.