சின்னக் கடை வெப்சைட்டுகளைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துப் பார்த்ததில்

வெப்சைட் வேலை பேசும்போது கடைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பின்னாடி விலை, போன் நம்பர் எல்லாம் நாங்களே மாத்திக்கிடலாம்லா?" மாற்றலாம் என்று சொல்லித்தான் வேலையை வாங்குகிறோம். ஒப்படைத்த பிறகு யார் மாற்றுகிறார்கள், எதை மாற்றுகிறார்கள், எங்கே உடைகிறது என்பதெல்லாம் கொஞ்சநாள் கூட இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஸ்வீட் ஸ்டால், நகைக்கடை, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன சைட்டுகள் செய்து கொடுத்து, வருடக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். மூன்று விதமாகக் கொடுத்திருக்கிறேன். சிலருக்கு வேர்ட்பிரஸ் (வெப்சைட்டை உருவாக்கி எடிட் செய்யும் மென்பொருள்) எடிட்டர் முழுசாக, சிலருக்கு வேர்ட்பிரஸிலேயே நிரப்புவதற்கு நாலைந்து கட்டங்கள் மட்டும், சிலருக்கு வேர்ட்பிரஸே இல்லாமல் ஒரு கூகுள் ஷீட். இதில் முழுசாகக் கொடுத்த இடத்தில்தான், ஒருவரைத் தவிர, ஆட்கள் மிகக் குறைவாக எடிட் செய்தார்கள்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்ததிலிருந்து, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், பக்கம் முழுக்க எழுத்து, படம் ஒவ்வொன்றையும் தனித் துண்டாக, பிளாக் பிளாக்காகத்தான் எடிட் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அது நல்ல எடிட்டர். நம் ஆட்கள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, நடுவில் ஒருவருக்குச் சில்லறையும் கொடுத்துக்கொண்டு அதைத் திறக்கிறார்கள். அந்தச் சின்னத் திரையில் எழுத்தைத் தொடப்போய் பிளாக்கைத் தொட்டுவிடுவார்கள், பிளாக் கீழே போய்விடும். ஒருமுறை அப்படி ஆனால் போதும், மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டார்கள். "நான் எதையோ அமுக்கிட்டேன் தம்பி" என்று ஒரு போன் வரும், அதோடு சரி. பழைய நிலைக்குத் திருப்ப ரிவிஷன் வசதி இருக்கிறது என்று சொன்னால், அது இன்னும் பயமுறுத்துகிறது.

பயப்படாதவர்கள் செய்வது வேறு மாதிரி. தீபாவளிக்கு முதல் நாள், பட்டாசும் குத்துவிளக்கும் போட்ட வாழ்த்து போஸ்டர் ஒன்றை முகப்பின் உச்சியில் ஏற்றிவிடுவார்கள். பொங்கல் வரைக்கும் அது அங்கேயே இருக்கும். கடையின் போன் நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும். தொட்டால் அழைப்பு போகாது, காப்பியும் எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த படம் என்பதால் பெரிய திரையில் மங்கலாக வேறு தெரியும்.

இன்னொன்று, பழைய எழுத்துரு. மண்டபக்காரர் வாடகை விதிமுறைகளை நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து ஃபைலாக வாங்கி அப்படியே ஒட்டியிருந்தார். அச்சகத்தில் அடித்தது பாமினி என்ற பழைய எழுத்துருவில். சைட்டில் வந்து நின்றது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல். அவருடைய கம்ப்யூட்டரில் வேர்டில் திறந்தால் அச்சு அசலாகத் தமிழ் தெரிகிறது, ஏனென்றால் அங்கே அந்த எழுத்துரு இருக்கிறது. அதனால் சைட்டில்தான் கோளாறு என்று அவருக்குத் தோன்றியது நியாயம்தான். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிப் போட்டதும் சரியானது. போனில் டைப் செய்கிறவர்களிடம் இந்தத் தொல்லையே கிடையாது. பிரஸ்ஸிலிருந்து வாங்கி ஒட்டுகிறவர்களிடம் மட்டும்தான் வரும்.

எல்லா உரிமையும் உள்ள அட்மின் லாகினை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிட உரிமை குறைந்த எடிட்டர் ரோலில் பிளகின் (கூடுதல் வசதிகள்), தீம் (சைட்டின் தோற்றம்) எதையும் தொட முடியாதுதான். ஆனால் எந்தப் பக்கத்தையும் அழித்துவிடலாம். 2022-இல் வந்த 6.0 பதிப்பில் பிளாக்கைப் பூட்டும் வசதி எடிட்டருக்குள்ளேயே வந்தது, நல்ல விஷயம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நீங்கள் பூட்டியதை அந்தப் பக்கத்தை எடிட் செய்கிற இன்னொருவரும் திறக்க முடியும். திறக்கும் உரிமையை அட்மினுக்கு மட்டும் வைக்க, தீமில் கொஞ்சம் நிரல் (code) எழுத வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டினால் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போலத்தான்.

அப்புறம்தான் கட்டங்களுக்கு மாறினேன். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் பிளகினை வைத்து ஸ்வீட் ஸ்டாலுக்குச் செய்தது இப்படி: லாகின் செய்தால் கடை நேரம், போன், பலகாரமும் கிலோ விலையும், அறிவிப்பு இவ்வளவுதான் தெரியும். மற்ற மெனு எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். அறிவிப்புக்குப் பக்கத்தில் "எந்தத் தேதி வரை" என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. தேதி தாண்டினால் அறிவிப்பு தானாகப் போய்விடும். எவ்வளவோ வசதிகள் செய்து கொடுத்திருக்கிறேன், இந்த ஒரு தேதிக் கட்டம் அளவுக்கு உபயோகமானது எதுவுமில்லை. பொங்கல் வரைக்கும் தீபாவளி வாழ்த்து நிற்கும் கதை அதோடு முடிந்தது.

நகைக்கடைக்கு இதுவும் கூடுதல்தான். தங்க விலை காலையில் ஒரு தடவை மாறும், சில நாள் சாயங்காலம் இன்னொரு தடவை மாறும். தினமும் மாற்ற வேண்டியவருக்கு லாகின் பக்கம், பாஸ்வேர்ட், ஓடிபி என்று வைத்தால் ஒரு வாரம் செய்வார், பிறகு விட்டுவிடுவார். அங்கே சைட்டைச் சாதாரண எச்டிஎம்எல் பக்கமாக வைத்துவிட்டு, விலையை மட்டும் கூகுள் ஷீட்டிலிருந்து எடுக்கிற மாதிரி செய்தேன். ஷீட்டில் அவர் நிரப்ப இரண்டே கட்டங்கள்: 22 கேரட் தங்கம் ஒரு கிராம், வெள்ளி ஒரு கிராம். பவுன் விலையை ஷீட்டே எட்டால் பெருக்கிக்கொள்ளும். மற்ற எல்லாக் கட்டங்களும் பூட்டு. ஆரம்பத்தில் சிலர் எண்ணோடு "ரூ." என்றும் சேர்த்து அடிப்பார்கள், கணக்கு நின்றுவிடும். எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி ஷீட்டிலேயே நிபந்தனை போடலாம். அதே நிபந்தனையில் ஒரு மேல் கீழ் எல்லையும் கொடுத்துவிட்டால், ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனால்கூட ஷீட் எடுத்துக்கொள்ளாது.

குறைகளும் உண்டு. வெப்பில் வெளியிட்ட ஷீட் உடனே மாறாது, சில நிமிடம் பிடிக்கும். "மாத்திட்டேன், வரலையே" என்று முதல் வாரம் முழுக்க போன் வரும்; முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியமானது: அப்படி வெளியிட்ட ஷீட் ஊருக்கே பொது. மண்டபக்காரர் புக்கிங் ஷீட்டில் பார்ட்டியின் பெயர், போன் நம்பர், கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் இருக்கும். அதை அப்படியே இணைத்துவிடக் கூடாது. தேதி மட்டும் உள்ள தனி ஷீட்தான் சைட்டுக்கு. விலை போடுகிற இடத்தில் இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். விலையைக் கடைசியாக மாற்றிய தேதி இன்றைய தேதியாக இல்லாவிட்டால் விலையைக் காட்டாமல், "இன்றைய விலைக்குக் கடையை அழைக்கவும்" என்று காட்டும்படி வைத்திருக்கிறேன். நேற்றைய விலையைக் காட்டிக்கொண்டு ஒருவர் கவுண்டரில் வந்து நின்றால் அந்தச் சண்டையை நம்மால் தீர்க்க முடியாது.

எடிட் செய்கிறவர் யார் என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வேலை பேசுவது முதலாளி. ஆனால் மாற்றப்போவது பில்லிங்கில் இருக்கும் பெண்ணோ, முதலாளியின் மருமகனோதான். பயிற்சியை முதலாளிக்குக் கொடுத்தால் வீண். பில்லிங்கில் இருக்கிறவர் தன் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனால் அதுவும் தலைவலி. கடைக்கென்று ஒரு ஜிமெயில், அது கடை போனிலேயே. டொமைன் (சைட்டின் முகவரி), ஹோஸ்டிங் (சைட் இருக்கும் சர்வர் இடம்) இரண்டும் கடைக்காரர் பெயரில். செய்முறையை எட்டுப் பக்க பிடிஎஃப்பாகக் கொடுத்தால் திறக்கவே மாட்டார்கள். திரையைப் பதிவு செய்து, பேசிக்கொண்டே காட்டும் சின்ன வீடியோவைக் கடை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் புது ஆள் வந்தாலும் பார்த்துக்கொள்வார்.

எல்லாம் அவர்களே செய்துகொண்டால் உனக்கு என்ன வருமானம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சின்ன மாற்றங்களில் எனக்கு வருமானம் இருந்ததே இல்லை. "ஒரு நம்பர் மாத்துறதுக்குக் காசா?" என்று கேட்டுவிட்டால் யார்தான் வாங்க முடியும்? பேக்கப், அப்டேட், எஸ்எஸ்எல் (சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ்), சைட் இறங்கிப்போனால் எடுத்துக் கொடுப்பது என்று எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். அது கட்டுப்படியாகிறது.

எவ்வளவு எளிதாக்கினாலும் தொடாதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஸ்வீட் ஸ்டால் அண்ணாச்சி இன்றைக்கும் கடையில் தொங்கும் விலைப் பலகையைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். "நீங்களே போட்ருங்க தம்பி, எனக்கு அதெல்லாம் ஓடாது." நான் செய்து கொடுத்த கட்டங்களை நானே நிரப்புகிறேன். முன்பு பக்கத்தைத் திறந்து தேடித்தேடி மாற்றிய வேலை, இப்போது போனிலேயே முடிகிறது. அந்த வகையில் அவரைவிட எனக்குத்தான் லாபம். அவருக்கு உண்மையில் தேவை கூகுள் மேப்பில் கடை நேரம் சரியாக இருப்பதுதான். அங்கேதான் ஆட்கள் பார்க்கிறார்கள். அதையும் நான்தான் மாற்றுகிறேன். ஏஎம்சி அடுத்த தடவை புதுப்பிக்கும்போது இதைப் பற்றிப் பேச வேண்டும்.

முழு எடிட்டரை இப்போதும் வைத்திருப்பது டியூஷன் சென்டர் டீச்சர் மட்டும்தான். அவர் எழுதுகிறவர். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னால் பாடவாரியாகக் குறிப்புகள் போடுகிறார், பழைய பதிவுகளைத் தேடித் திருத்துகிறார், படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட்கூட (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விளக்க வரி) போடுகிறார். அவருக்குக் கட்டங்கள் செய்து காட்டினேன். "இதுல ஒரு டேபிள்கூடப் போட முடியாது போலயே சார், பழையதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கணிதச் சமன்பாடுகள் எழுத ஒரு பிளகின் கேட்டிருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறேன்.